அழுகைக்கு மார்க்

கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி ஸ்டோர் ரூமில்தான் எங்கள் பொட்காஸ்டைப் பதிவு செய்வோம். கூடப் பேசுகிற நண்பன் அந்தக் கடையில் சேல்ஸ்மேன். சுற்றிவர சேலைக் கட்டுகள் அடுக்கிக் கிடப்பதால் எதிரொலி கிடையாது, பஸ்காரன் அடிக்கிற ஹோர்ன்கூட உள்ளே வராது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியதும் தரையில் உட்கார்ந்து, அந்த வாரம் நம் சனம் பேஸ்புக்கில் போட்ட வீடியோக்களைக் கிழித்துத் தொங்கவிடுவோம்.

அதில் எல்லாருக்கும் பிடித்தது செத்த வீட்டு லைவ். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். லீவு கிடைக்காதவர் பார்ப்பதற்காக யாராவது போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போடுவார்கள். போனைக் கண்டதும் அழுகை ஒரு கட்டை ஏறும். பிடித்திருப்பவர், "சின்னம்மா, கொஞ்சம் இங்கிட்டுத் திரும்பி அழுங்க" என்பார். சின்னம்மாவும் திரும்புவார். நாங்கள் அந்த அழுகைக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவோம்.

பிறகு நாங்களே செத்த வீடு மாதிரி நடித்து, எங்கள் பொட்காஸ்டின் பேஸ்புக் பக்கத்தில் லைவ் போட ஆரம்பித்தோம். நண்பன் பிணம், நான் சின்னம்மா. "இது நடிப்பில்ல, உண்மையான சாவு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்வேன். நேயர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்றைக்கும் சொல்கிறேன், நன்றாகத்தான் செய்தோம். அந்த வேஷம் எனக்கு அப்படிப் பொருந்தும்.

அம்மா போனது திடீரென்று. நெஞ்சு வலி என்றார், தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. தம்பி கத்தாரில். அம்மாவுக்கு ஒரே மகன், வாய்க்கரிசி போட வேண்டியவன். முதலாளி லீவு தரவில்லை.

"அக்கா, பொட்டி மூட முன்ன ஒருக்கா அம்மாட முகத்த காட்டுங்க. லைவ்வா போடுங்க, சவூதியில சின்னம்மாவும் பாக்கணும்னு அழுவுறாங்க" என்றான். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றேன்.

நண்பனைத்தான் போன் பிடிக்கச் சொன்னேன், அவனுக்குத்தான் கை ஆடாது. அவன் தன் போனிலேயே போட்டான். எங்கள் பொட்காஸ்ட் பக்கத்தைத் தவிர வேறெங்கும் அவன் லைவ் போட்டுப் பழகியதில்லை. கை தானாக அங்கேயே போய்விட்டது. தம்பியும் எங்கள் நேயர்தான், அவனுக்கும் நோட்டிபிகேஷன் போனது.

நான் அம்மாவின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தேன். நண்பன் பக்கத்தில் வந்து போனை எனக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தான். திரையில் அம்மாவின் முகத்துக்கு மேலே மஞ்சள் சிரிப்பு மூஞ்சிகள் கும்பல் கும்பலாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

"சின்னம்மாவுக்கு இன்னைக்கு ஒன்பது."

"பொணத்துக்கு ஆள மாத்திட்டாங்க. சூப்பர் நடிப்பு, மூச்சே விடல."

யார் இந்த நாய்கள் என்று பார்த்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள், வாராவாரம் எங்களுக்கு ஹார்ட் அனுப்புகிறவர்கள். "நடிப்பில்ல, உண்மையான சாவுன்னு எழுது" என்றேன். எழுதினான். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

சவப்பெட்டிக்காரர்கள் மூடுவதற்காக மூடியைத் தூக்கிவிட்டார்கள். தம்பிக்குப் பதிலாக மாமா மகன் வாய்க்கரிசி போட்டு முடித்திருந்தான்.

"கட் பண்ணவா?" என்று நண்பன் கேட்டான்.

கட் பண்ணினால் சிரிப்பு நிற்கும். வேறு லைவ் போடுவதற்குள் பெட்டியை மூடிவிடுவார்கள், தம்பிக்கு அம்மாவின் முகம் இல்லை. கொஞ்சம் பொறுங்கள் என்றால் பெட்டிக்காரர் எதற்கு என்று கேட்பார், அதை எப்படிச் சொல்ல? அப்போது அந்தச் சிரிப்புக்கு நடுவே தம்பியின் பெயர் வந்தது.

"கட் பண்ணாதீங்க அக்கா. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நான் அம்மாவ பாத்துக்கிட்டு இருக்கேன்."

நண்பன் போனைப் பெட்டிக்கு மேலே நீட்டி, மூடி இறங்கும்வரை ஆடாமல் பிடித்திருந்தான். நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி எழுதியதற்குக் கீழே ஒருவன் எழுதினான்:

"தம்பி கேரக்டர் புதுசு. பத்துக்குப் பத்து."

அன்றைக்கு அதற்குத்தான் ஆகக் கூடிய சிரிப்பு விழுந்தது.