கவ்வாத்து மலையில் ஓர் எலியும் ஒரு கொண்டைக்குருவியும்

காலை ஆறு மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். தலவாக்கலை தாண்டி லிந்துலையில் இறங்கும்போது ஏழேகால். நான் பறவை பார்க்க வந்தவன். எலி என்றால் எனக்கு ஆகாது, படத்தில் பார்த்தாலே உடம்பு கூசும்.

எட்டு மணி. தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் ஏறிய இடத்தில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அது. வெட்டிக்கொண்டிருந்த மாரிமுத்து சட்டென்று கத்தியை நிறுத்தி, "சார், இங்க வாங்க. சத்தம் போட்றாதீங்க" என்றார்.

செடியின் தூரில் ஒரு புல் உருண்டை பிரிந்து கிடந்தது. உள்ளே கண் திறக்காத ஐந்து சுண்டெலிக் குஞ்சுகள். நான் பின்வாங்கிவிட்டேன். தாய் எலியோ எங்கள் கால்களைச் சட்டை செய்யவே இல்லை. ஒன்றை வாயில் கவ்வி, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய, அப்போது காய்ந்து கிடந்த கானுக்குள் கொண்டுபோய் வைத்தது. மறுபடி வந்தது. இப்படி ஐந்து நடை. ஆறாவது முறையும் வந்து வெறும் கூட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனது. இதைப் பார்த்தா இத்தனை காலம் முகம் சுளித்தேன்?

அடுத்த செடியில் கொண்டைக்குருவிக் கூடு. மூன்று குஞ்சுகள். அவையும் அப்படியேதான், வெறும் தோலும் மூடிய கண்ணும். தாய்க்குருவி நிழல் மரத்தில் உட்கார்ந்து கத்தியது. எலியைவிடப் பெரிய உடம்பு, அருமையான குரல், சிறகு வேறு. ஆனால் பெற்ற குஞ்சை ஒரு சாண் நகர்த்த அதனால் ஆகாது.

"கூட்டோட தூக்கி வேற செடியில வச்சிரலாமே?" என்றேன்.

"வேணாங்க. அது இந்தச் செடியத்தான் தேடி வரும்."

வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பத்து மணிக்கு வருவார். வெட்டாத செடி இருந்தால் ஏச்சு விழும். செடி மூச்சுவிட ஒரு கிளையை விட்டுவைப்பது இங்கே வழக்கம். மாரிமுத்து கூடு இருந்த கிளையையே விட்டுவிட்டு மற்றதை வெட்டினார். மிலாறு என்கிறார்களே, வெட்டிப்போட்ட அந்தக் கிளைகளை வெயிலுக்கு மறைப்பாக மேலே பரப்பினார். கண்டாக்கு வந்தார், குனிந்து பார்த்தார், அடுத்த நிரைக்குப் போனார்.

தாய்க்குருவியைத்தான் காணோம். பத்தரை, பதினொன்று. நான் போக வேண்டிய பஸ் போயிருக்கும். மாரிமுத்து தள்ளிப் போய், கூட்டுக்கு முதுகைக் காட்டியபடியே வெட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றே காலுக்குக் குருவி புழுவோடு வந்து மிலாறுக்குள் நுழைந்தது.

"வந்திருச்சுங்களா?" திரும்பாமலே கேட்டார்.

தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"வந்திருச்சுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.