சுருட்டைக்குக் கலியாணம் பேசிய பாலசுந்தரி

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் ஊர்கிற விஷப்பாம்புகளில் பாதி, கிரான் பாலசுந்தரி பேசி முடித்த கலியாணங்களில் பிறந்தவை. இது கொஞ்சம் கூடிப்போன கதை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாம்புகளுக்கு அவள் பேசி முடித்தது ஒரேயொரு கலியாணம். ஆனால் அதற்காக அவள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, பாதி என்று சொன்னது அப்படியொன்றும் பெரிய பொய்யாகப் படாது.

அதற்கு முன் பதினான்கு வருஷம் அவள் மனிதர்களுக்குப் பேசினாள். வெல்லாவெளியிலிருந்து வாகரை வரை எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்தக் குடியில் மாப்பிள்ளை இருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் தொழில் ஒரு பெண் பார்க்கிற நாளில் முடிந்துபோனது. இரு வீட்டாரும் பாயில் இருந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கையில், நெல் மூட்டைகளுக்கு இடையிலிருந்து ஒரு புடையன் பாம்பு வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்கள். பாலசுந்தரி பலகாரப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, அதாலேயே பாம்பை மூடி, அடியில் சுளகைச் செருகினாள். பாம்பு அகப்பட்டது. சம்பந்தம் கைவிட்டுப் போனது.

அந்தப் பெட்டியோடு அவள் போய் நின்ற இடம், தன்னாமுனையில் வாவிக்கரையோரம் இருந்த சிறிய பாம்பு ஆய்வுக்கூடம். விஷமுறிவு மருந்து ஆராய்ச்சிக்காகப் பாம்பு வளர்க்கிற திவாகரன் முதலில் பெட்டிக்குள் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அக்கா, நாளைக்கு வேலைக்கு வாறீங்களா?"

"பாம்புக்கும் சம்பந்தம் பேச வேணுமோ?"

"பெட்டி கழுவ வேணும்."

பெட்டி கழுவப் போனவள்தான். ஆனால் கடைசியில் சம்பந்தமும் அவள் தலையில்தான் வந்து விழுந்தது.

போன வருஷம் ஆடியில் வாகரைப் பக்கத்து மணற்காட்டிலிருந்து சுருட்டை விரியன் சோடியொன்று வந்து சேர்ந்தது. கரையோரத்து வறண்ட காடுகளில் எப்போதாவது கண்ணில் படுகிற இனம். ஒரு முழம்கூட வராது. கோபம் வந்தால் உடம்பைச் சுருட்டி, செதிலோடு செதில் உரசி, தாச்சியில் எண்ணெய் பொரிகிற சத்தம் போடும். திவாகரன் சோதித்துப் பார்த்து, ஒரு பெட்டியில் 'ஆண்' என்றும் மற்றதில் 'பெண்' என்றும் துண்டு ஒட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பாலசுந்தரி ஆணுக்குச் சீனித்தம்பி என்றும் பெண்ணுக்குச் சீதேவிப்பிள்ளை என்றும் பெயர் வைத்தாள். சீதேவிப்பிள்ளை அவளுடைய மாமியின் பெயர். மாமிக்கு இதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வளர்க்கிற அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த ஆடிக்குள் குட்டி கண்டால் நீடிப்பு உண்டு. இல்லையென்றால் சோடியைக் கொழும்புக்கு ஏற்றிவிட வேண்டும். அவளுடைய வேலையும் அதோடு சரி. திரும்பவும் மனிதர்களுக்குப் பேசப் போக அவள் தயாரில்லை. பாம்பென்றால் கடிப்பதோடு விட்டுவிடும்.

மார்கழி மழையில் கூரை ஒழுகிப் பெட்டிகள் நனைந்தன. பாலசுந்தரி பாம்புகளை வாளிகளுக்கு மாற்றி, பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து, துண்டுகளைத் திரும்ப ஒட்டி, இரண்டையும் அவரவர் வீட்டில் குடியேற்றினாள். தை பிறந்ததும் திவாகரன் சோடி சேர்க்கத் தொடங்கினார். பெண்ணை ஆணின் பெட்டிக்குள் விட வேண்டும் என்று அவரிடமிருந்த வெளிநாட்டுப் புத்தகம் சொன்னது. கொக்கித் தடியால் சீதேவிப்பிள்ளையைத் தூக்கிச் சீனித்தம்பியின் பெட்டிக்குள் விட்டார். காணிச் சண்டை பிடித்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஆளுக்கொரு மூலையில் சுருண்டன. மூன்று தரம் விட்டுப் பார்த்தார். மூன்று தரமும் அதே கதைதான்.

"இது சரிவராது சேர்," என்றாள் பாலசுந்தரி.

"ஏனக்கா?"

"பொண்ணைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில இறக்கினா எப்பிடிச் சரிவரும்? நம்மட ஊரில மாப்பிள்ளையெல்லோ பொண் வீட்டுக்குப் போறவர். நீங்களும் அப்பிடித்தானே கல்லடிக்குப் போனீங்க."

சுண்டெலிக் கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஏறாவூர் றுமைஸ் தலையை நிமிர்த்தினான். அவனும் அங்கே வேலைக்காரன்தான். "எங்கட முஸ்லிம் ஆக்களிலயும் அப்பிடித்தான் சேர். நானும் போய்த்தான் இரிக்கன்."

"அது மனிசருக்கு," என்றார் திவாகரன்.

"இது வாகரைப் பாம்பு சேர். உங்கட புத்தகத்தை இது எங்க வாசிச்சது?"

திவாகரன் புத்தகத்தை மூடினார். பிறகு தடியை அவளிடம் நீட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, சீனித்தம்பியைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோனாள் பாலசுந்தரி. வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள், அதற்கு வசதிப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில் இரண்டும் திரித்த கயிறு மாதிரிப் பின்னிக் கிடந்தன.

"புத்தகக்காரருக்கு ஒரு கடிதம் போடுங்க சேர்," என்றாள் அவள்.

பிறகு அவரவர் பெட்டிக்குத் திரும்பினார்கள். திவாகரனும் மேற்படிப்புக்காகக் கொழும்புக்கும் தன்னாமுனைக்குமாக அலையத் தொடங்கினார். பிள்ளைத்தாய்ச்சி என்று சீதேவிப்பிள்ளைக்குப் பல்லியும் சுண்டெலியுமாகப் போட்டாள் பாலசுந்தரி. அதுவும் சளைக்காமல் விழுங்கியது. சீனித்தம்பியோ ஒன்றையும் தொடவில்லை. ஆனாலும் உடம்பு வைத்துக்கொண்டே போனது.

"மூணு நாள் பொண் வீட்டில இருந்தவரெல்லோ," என்று றுமைஸுக்கு விளக்கினாள். "அந்தச் சாப்பாடு இன்னும் உடம்பில நிக்குது."

ஆடியில், வனசீவராசிகள் அலுவலர் பார்க்க வருகிற நாளுக்கு முதல்நாள் வரை குட்டி இல்லை. அன்று இரவு பாலசுந்தரி சோற்றில் கை வைக்கவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகையில், றுமைஸ் படலையடியில் நின்றான்.

"எட்டுக் குட்டி பாலக்கா. சின்னப் பெட்டிகளில பிரிச்சு வச்சிட்டன். ஆனா ஒரு விசயம்..."

விசயத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. உள்ளே எட்டுப் பெட்டிகளிலும் எட்டு மண்புழுக்கள், சின்னதாகத் தாச்சிச் சத்தம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தன. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அலுவலரம்மா எண்ணிப் பார்த்து நீடிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். "இதை எப்பிடிச் சாதிச்சீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அது போதுமாயிருந்தது. பாலசுந்தரி கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.

"பொண்ணை அங்க அனுப்பிக்கொண்டு இருந்திருந்தா இண்டைக்கு ஒரு குட்டியும் இல்லை மிஸ். மாப்பிள்ளைதான் போக வேணும். எங்கட வழக்கம் பாம்புக்கும் தெரியும்."

அலுவலரம்மா சிரித்துக்கொண்டு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "தாய்ப் பாம்பு எது?"

பாலசுந்தரி சீதேவிப்பிள்ளையின் பெட்டியைக் காட்டினாள். றுமைஸ் தொண்டையைச் செருமினான்.

"அதைத்தான் பாலக்கா படலையடியில சொல்ல வந்தன். குட்டியெல்லாம் கிடந்தது சீனித்தம்பிட பெட்டிக்குள்ள. மழைக்குக் கழுவினப்போ நீங்க துண்டை மாத்தி ஒட்டிட்டீங்க. மாப்பிள்ளையெண்டு நீங்க தூக்கிக்கொண்டு போனது பொண்ணை, அதுவும் மாப்பிள்ளைட பெட்டிக்கு. பொண் வீட்டுக்கு மூணு தரம் போய்ச் சும்மா திரும்பி வந்தவர்தான் மாப்பிள்ளை. மிஸ், நீங்க சேர்ர புத்தகத்தில இரிக்கிற மாதிரியே எழுதுங்க."