எந்த ஊர்ப் புனிதர்?

மீனாட்சிபுரத்திலிருந்து கூட்டிவந்து என்னை ஒரு கிறித்தவப் புனிதர் பெயரிலுள்ள கல்லூரியில் சேர்த்தவர் மாமா. விடுதியில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிய அப்பாவுக்காக ஞாயிறு முழுவதும் வாசலிலேயே நின்றேன். அவர் வரவில்லை.

மறுநாள் மதியம் வந்தார். அதே புனிதர் பெயரில் வேறோர் ஊரில் இருக்கும் கல்லூரிக்குப் போய்விட்டாராம். "அப்படியொரு பையனே இங்க இல்லைன்னுட்டாங்க கண்ணு. எனக்கு உசுரே போயிருச்சு," என்றார். அங்கிருந்த பாதிரியார்தான் விசாரித்து வழி சொன்னாராம். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சோறு புளித்திருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

எங்கள் பக்கம் மாரியம்மன் நோன்பு என்றால், எந்த ஊர் மாரியம்மன் என்று கேட்டுத்தான் வண்டி பூட்டுவோம். புனிதர் விஷயத்தில் கேட்கத் தோன்றவில்லை. இப்போது நான் யாரிடமும் ஊர்ப்பெயரை முதலில் சொல்லி, பிறகே கல்லூரிப் பெயரைச் சொல்கிறேன். இருந்தும், ஞாயிறு வந்தால் கால்கள் வாசலுக்கே போகின்றன.