பல்லக்கா ஓட்டிய பச்சை வண்டி

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பொய்ப்பல் செட்டு செய்கிற கூடத்தில் இருபத்தாறு வருட வேலை. அந்தத் தெருவில் வாய்விட்டுச் சிரிக்கிற பெரியவர்களில் பாதிப்பேர் அவள் கைவேலையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரில் ஒருவர் சிரித்தால் நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம். அவள் மேல்வரிசையில் இடப்பக்கம் நாலாவது பல்லைப் பார்ப்பாள். அது அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவர் நல்ல மனிதர்.

அவள் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்தான், இடைவெளி கூடாது. ஈறுக்கும் செட்டுக்கும் நடுவே துளி காற்றுப் புகுந்தாலும் நாலு பேர் பார்க்கப் பல் கழன்று காப்பியில் விழும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் அதே சட்டம். மேல்தாடை அச்சையும் கீழ்த்தாடை அச்சையும் மூடும்போது நடுவில் மெல்லிய நீலத்தாளை வைப்பாள். பல்லில் நீலம் ஒட்டினால் தொடுகிறது, ஒட்டாவிட்டால் தொடவில்லை. தொடும்வரை விடமாட்டாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே பல்லோடு அரைநாள் மல்லுக்கட்டுவாள்.

இப்படிப்பட்டவள் கையில்தான் அப்பாவின் பச்சை வண்டி சிக்கியது.

அந்த வண்டிக்கு அவளைவிட ஏழு வயது அதிகம். அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கி, ஏதோ போரில் வென்று வந்ததுபோல் வாசலில் நிறுத்தினார். "இந்த வண்டி ஒரு நாளும் வழியில நின்னதில்ல" என்று வருகிற போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அண்டப்புளுகு. வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கும். முன்சீட்டில் அப்பாவும் அண்ணனும் உட்காருவார்கள். அவளுக்குப் பின்சீட்டு. "நீ பின்னால உக்காரு, நின்னா இறங்கித் தள்ள வசதியா இருக்கும்" என்று அந்த மனிதர் முகம் மாறாமல் சொல்வார். வண்டியை முன்பக்கமிருந்து சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. அதை அண்ணன் பன்னிரண்டு வயதில் விளையாடித் தொலைத்தான். திட்டு அவளுக்கு விழுந்தது. அதற்கப்புறம் தள்ளுவது ஒன்றுதான் வழி. பத்து வயதுப் பெண் முட்டியில் கையை ஊன்றி நடுரோட்டில் மூச்சு வாங்க நிற்பாள். கிளம்பிய வண்டி மறுபடி நின்றுவிடுமோ என்று அப்பா நிறுத்தாமலே போய்விடுவார். அவள் வீட்டுக்கு நடந்து வருவாள்.

அப்பா போனபின் சொத்தைப் பிரித்தார்கள். வீடு அவளுக்கு, அதை ஒட்டி வண்டி நின்ற ஷெட் அண்ணனுக்கு. வண்டி யாருக்கு என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை ஒரு பொருளாகவே யாரும் நினைக்கவில்லை. அவள் மட்டும் நினைத்தாள். அந்த வண்டியின் பின்புறம் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாளாவது அதை முன்னாலிருந்து பார்க்க வேண்டும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் வேலை நடந்தது. துருப்பிடித்த கார்புரேட்டரை வீட்டிலேயே பெரிய குண்டானில் போட்டு வேக வைத்தாள். அவள் கணவர், அளந்து பேசுகிற மனிதர், அன்றைக்கு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வரும்போது புதுக் குண்டான் ஒன்றை வாங்கிவந்து சத்தமில்லாமல் வைத்தார். கிடைக்காத சாமான்களை அவளே வார்த்துக்கொண்டாள். அவளிடம் இருந்ததோ ஈறு செய்கிற பிளாஸ்டிக் மாவு. ஆகவே கியர் குமிழ், கண்ணாடி ஏற்றும் பிடி, பொத்தான்கள் எல்லாம் ஈறு நிறத்தில் அமைந்தன. கதவைத் திறந்தால் வண்டி யாரையோ பார்த்துப் பல்லிளிப்பதுபோல இருக்கும்.

தெருமுனை மெக்கானிக் அவ்வப்போது வந்து வேடிக்கை பார்ப்பார். எஞ்சின் தலையில் எட்டு வால்வுகள். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன இரும்புக்கை மேலிருந்து அழுத்தித் திறக்கும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் நூலளவு இடம் விடவேண்டும் என்று அவர் சொன்னார்.

"சூடானா இரும்பு நீளும்க்கா. இடம் விடலன்னா வால்வு மூடாது."

அவள் தலையாட்டினாள். மனசுக்குள் சிரித்தாள். வேலையைத் துப்புரவாக முடிக்கத் தெரியாதவன் இப்படித்தான் சாக்குச் சொல்வான் என்பது அவள் கணிப்பு. அவர் போனதும் நீலத்தாளை எடுத்து எட்டு இடத்திலும் வைத்து, நீலம் அழகாக ஒட்டும்வரை திருகை இறுக்கினாள். முதல் தடவையிலேயே எஞ்சின் கிளம்பியது. புகை வீட்டுக்குள் போகிறது என்று கணவர் முணுமுணுத்ததால் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டாள். சூடாகிற வரைக்கும் அது ஓடியதே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து அண்ணன் புதுக் கார் வாங்கினான். நிறுத்த ஷெட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்கடைக்காரர் லாரியோடு வருவார் என்று சொல்லியனுப்பினான். அவள் நேரே அவன் வீட்டுக்குப் போய் நின்றாள். அண்ணி காதில் விழும்படி பேச்சு வளர்ந்து, கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னான். வண்டி தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பதினொரு மணிக்குள் தானாக வாசலுக்கு வந்துவிட்டால் வண்டியும் அவளுக்கு, ஷெட்டும் அவளுக்கு. வராவிட்டால் லாரியில் ஏறும். கூடவே உட்கார்ந்து தானே பார்ப்பேன் என்றான்.

ஞாயிறு காலை அவன் பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்தான்.

"அண்ணா, அந்தப் பக்கம்" என்றாள்.

வண்டி கிளம்பி, தெரு முழுக்கப் பொய்ப்பற்கள் மின்ன, ஜம்மென்று போனது. அவளுக்குப் பெருமை தாளவில்லை. தொட்டியைச் சுற்றும்போது எஞ்சின் இருமியது, திணறியது, நடுரோட்டில் நின்றது. சாவியைத் திருகினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அண்ணன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. லாரிக்காரருக்குப் போன் போட எடுத்தான்.

"மணி பத்தேகால்தான் ஆகுது. போனை உள்ள வை" என்று சொல்லிவிட்டு அவள் பானட்டைத் தூக்கினாள்.

எஞ்சின் தலையின் மூடியைக் கழற்றி, பழக்கத்தில் நீலத்தாளை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. காலையில் தொட்டும் தொடாமலும் இருந்த இரும்பெல்லாம் நீண்டு, வால்வை மூடவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. உலோகப் பல் வார்க்கும்போது சூட்டுக்கு இடம் விட்டு வார்ப்பவள் அவளேதான். அதை இங்கே யோசிக்காமல் மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

நீலத்தாளை நாலாக மடித்தாள். அந்த மடிப்பு லேசாக உரசிக்கொண்டு நுழையும் அளவுக்குத் திருகைத் தளர்த்த வேண்டும். ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் எஞ்சின் கொஞ்சம் சுழல வேண்டும். கியரில் போட்டு வண்டியை இம்மி இம்மியாகத் தள்ளினால் சுழலும். யார் தள்ளுவது? பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து ஹாரனை அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"அண்ணா, வழிய மறிச்சுட்டு நிக்கறோம். ஓரமாத் தள்ளு. மெதுவா, ஒரு ஒரு அடியா. பிரேக் சரியில்ல."

அவன் கௌரவத்துக்குப் பயந்தவன். இறங்கித் தள்ளினான். பானட் தூக்கியிருந்ததால் முன்னால் அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. போதும் என்பாள், நிற்பான். தள்ளு என்பாள், தள்ளுவான். ஓரம் வந்துவிட்டதே என்றதற்கு இன்னும் ஓரம் இருக்கிறது என்றாள். லாரி எப்போதோ போய்விட்டது. சுடு மெழுகிலும் கொதிதண்ணீரிலும் பழுத்த அவள் விரல்களுக்கு எஞ்சின் சூடு ஒரு பொருட்டாக இல்லை. எட்டாவது வால்வு முடிந்தபோது அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேட்டரியும் சோர்ந்திருந்தது.

"கடைசியா ஒரே ஒரு தள்ளு, நல்லா" என்று சொல்லி, மூடியை மாட்டி, பானட்டை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

தள்ளினான். அவள் கிளட்சை விட்டாள். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். முட்டியில் கையை ஊன்றி, நடுரோட்டில், மூச்சு வாங்க ஓர் உருவம் நின்றது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பத்து ஐம்பதுக்கு வண்டி வாசலுக்கு வந்தது. பழைய இரும்புக்கடைக்காரர் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் இருந்தார். கணவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். பத்து நிமிடம் கழித்து அண்ணன் நடந்தே வந்து சேர்ந்தான். அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். கடைக்காரர்தான் கேட்டார்.

"என்ன சார், வண்டி தானா வந்துச்சா?"

பல்லக்கா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தள்ளினேன் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருடமும் லாரியில் ஏறிவிடும். அண்ணன் தன் சட்டையைப் பார்த்தான், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"தானாத்தான் வந்துச்சு. அப்பா வண்டி வழியில நின்னதே இல்லையே."

"அப்ப நீங்க ஏன் சார் நடந்து வரீங்க?" என்றார் மெக்கானிக்.

"காத்தாட நடக்கலாம்னு இறங்கிட்டேன்."

கடைக்காரர் லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார். பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவே வந்து பேசிவிட்டுப் போனதுபோல் இருந்தது. எஞ்சினை அணைக்காமலே, வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் ஏறு என்று அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் முன்பக்கக் கதவுக்குப் போனான். அங்கே அவள் கணவர் எப்போது ஏறினாரோ, ஈறு நிறப் பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"நீ பின்னால உக்காரு அண்ணா" என்றாள் அவள். "நின்னா இறங்கித் தள்ள வசதியா இருக்கும்."

அண்ணன் பின்கதவைத் திறந்தான்.