கண்ணுக்குத் தெரியாத விமானமும் வெள்ளையன் களமும்

போன வாரம் போளூரில் என் புளி மண்டி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினான் ஒரு பையன். கழுத்தில் கேமரா.

"சார், ஜவ்வாது மலையில ஸ்டெல்த் பிளேன் வந்த இடத்துக்கு எப்படிப் போகணும்?"

ஸ்டெல்த் என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். ஆனால் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து டெண்டர் விளம்பரம்வரை விடாமல் படிக்கிறவன். ரேடாரில் படாமல் பறக்கிற போர் விமானம். உடம்பை அதற்கேற்ற மாதிரி வடிவமைத்து, மேலே அதற்கென்று ஒரு பூச்சும் பூசி... பெரிய நாடுகள் வைத்திருக்கின்றன. நாமும் செய்துகொண்டிருக்கிறோம் என்று பேப்பரிலேயே வருகிறது. செய்யட்டும். செய்யத்தான் வேண்டும். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டை வேறு.

"வந்துச்சுன்னு யாருப்பா சொன்னது?" என்றேன்.

"வீடியோ பார்க்கலையா சார்? ஒரு விவசாயி செத்தே போயிட்டாரு. கதிர்வீச்சு."

காரைத் திருப்பு என்றேன். கூடவே இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். அவற்றை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

செத்துப்போனவன் பெயர் வெள்ளையன். அவன் எப்படிச் செத்தான் என்று எனக்குத் தெரியும். அவனை மலையிலிருந்து இறக்கியவனே நான்தான்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம், மலைமேல் டமார் என்று ஒரு சத்தம். அடிவாரத்து ஊர்களில் தகர ஷீட்டெல்லாம் அதிர்ந்தது. ஏதோ ஒரு விமானம் வேகமாகப் போயிருக்கும். எது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் மறுநாளே போனில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்தது. மேகத்துக்கு நடுவே கறுப்பாக, முக்கோணமாக ஏதோ ஒன்று. பருந்தாக இருக்கலாம். பட்டமாக இருக்கலாம். போன் கேமராவில் ஒட்டின அழுக்காகவும் இருக்கலாம்.

அவ்வளவுதான். ஒடுகத்தூரிலிருந்து கலசப்பாக்கம்வரை டீக்கடைக்கு டீக்கடை விமான இன்ஜினியர்கள்!

"நம்மளுதுதான்யா அது. மலைக்குள்ளாற சுரங்கம் தோண்டி வெச்சிருக்கான். எங்க மச்சான் அங்கதான் ஜல்லி அடிச்சான்" என்றார் ஒருவர்.

"ஜல்லிய எங்க கொட்டினாரு உங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"அத வெளிய சொல்லக் கூடாதாம். ரகசியம்."

சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அந்த வாரமே மலைக்குப் போனேன். தை பிறப்பதற்குள் புளியமரங்களின் காய்ப்பைப் பார்த்துவிடவேண்டும். கீழே நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், மரத்துக்கு எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் கால்குலேட்டரோடு வந்து என்னிடம் தோற்றுப்போயிருக்கிறார்கள். தலைச்சுமையில் ஆரம்பித்து மினி லாரிக்கு வந்தவன் நான். சும்மா வரவில்லை.

வெள்ளையன் தோப்பு நான் வழக்கமாக எடுக்கிற தோப்பு. அந்தக் குக்கிராமத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் நாலு கார் ஏறும்.

அவன் அன்று சாமை அடித்துக்கொண்டிருந்தான். அங்கே களம் என்பது அகலமான ஒரு பாறைதான். கதிரைப் பரப்பி, நான்கு மாடுகளை வரிசையாகக் கழுத்தோடு கழுத்து பிணைத்து, சுற்றிச் சுற்றி மிதிக்கவிடுவார்கள். நான்கு மாடு சொந்தமாக வைத்திருக்கிறவன் அந்த ஊரில் கிடையாது. இரண்டு சொந்தம், இரண்டு இரவல். இன்றைக்கு உன் களத்துக்கு என் மாடு, நாளைக்கு என் களத்துக்கு உன் மாடு. இதற்குப் பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு. இரவல் மாட்டுக்கு உன் களத்தில் ஒரு காயம் பட்டால், அப்புறம் உனக்கு மட்டுமல்ல, உன் பிள்ளைக்கும் யாரும் மாடு கொடுக்க மாட்டார்கள்.

அப்போதுதான் ஒரு கார் வந்தது. இரண்டு பையன்கள். சென்னையிலிருந்து வருகிறார்களாம். ஒருவன் கையில் டிரோன்.

"செருப்ப கழட்டிட்டு வாங்க சாமி, தானியம் கெடக்குது" என்றான் வெள்ளையன். மறுபேச்சில்லாமல் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார்கள். மரியாதையான பையன்கள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அன்னிக்கு அந்த பிளேனைப் பார்த்தீங்களாண்ணா?"

"சத்தம் கேட்டுது சாமி. மாடு மெரண்டுச்சி. அதப் புடிக்கறதுக்கே சரியா இருந்துது. மேல எங்க பாக்கறது?"

"கறுப்பா, முக்கோணமா..."

"எங்களுக்கு இன்னா தெரியும் சாமி? நாங்க கீழயே பாக்கற ஆளுங்க."

பையன் எதிரே நின்ற பாறைச் சரிவைப் பார்த்தான். கொஞ்சம் குடைந்த மாதிரி, நிழலாக இருக்கும் அந்த இடம். "குகை மாதிரி இருக்கே. உள்ள ஹேங்கர் இருக்கலாம் இல்ல?" என்றான் கூட்டாளியிடம். ஹேங்கர் என்றால் விமானக் கொட்டகை. ஒரு ஆடு ஒண்டினால் இரண்டாவது ஆட்டுக்கு இடமில்லாத குகையில், விமானக் கொட்டகை!

வெள்ளையன் பதறிவிட்டான். "அங்க வாணாம் சாமி. மலத்தேனு கட்டியிருக்குது. அடை அடையாத் தொங்குது, பாருங்க. அந்தப் பக்கம் வுட்றாதீங்க."

லாரிப் பக்கம் நின்றிருந்த நானும் கத்தினேன், "தம்பி, அவன் சொல்றதக் கேளு!"

"இது சைலன்ட் மாடல் சார். ஒண்ணும் ஆகாது."

டிரோன் ஏறியது. நேராக அந்தச் சரிவுக்குப் போய், தேனடைக்கு எதிரில் ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்றது.

மலைத்தேனீ கிளம்பினால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் பார்க்காமலே இருந்துவிடுங்கள். பாறை உரிந்து வருகிற மாதிரி இருந்தது. பையன்கள் வெறுங்காலோடு ஓடிக் காரில் ஏறினார்கள். நான் லாரியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினேன். "ஓடி வாடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வெள்ளையன் ஓடவில்லை.

களத்தில் கம்பளி கிடந்தது. எடுத்துப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தால் பிழைத்திருப்பான். மலைக்காரனுக்கு இது தெரியாதா என்ன? ஆனால் மாடுகள் பிணையலில் இருந்தன. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, ஓட முடியாமல் பாறையில் சறுக்கிக்கொண்டு. அவன் கயிற்றை அவிழ்த்தான். இரவல் மாடு இரண்டையும் முதலில் அவிழ்த்தான். அப்புறம் தன்னுடையதை. முகமெல்லாம் கறுப்பாக மொய்த்திருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் தடவித் தடவியே முடிச்சைத் தேடினான். நான்கும் ஓடின. அப்புறம்தான் அவன் விழுந்தான்.

அந்தக் கார் என் மினி லாரியைவிட வேகமாகப் போகும். ஏசி உண்டு. பின் சீட் காலி. தேனீ அடங்கி நான் இறங்கிப் பார்த்தபோது, ரோட்டில் அதன் புழுதிகூட இல்லை.

அவன் மனைவி குப்பு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தவள் ஓடி வந்தாள். இருவருமாகத் தூக்கி முன் சீட்டில் போட்டோம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் என்னைப் போல வண்டி இறக்குகிறவன் இந்த வட்டாரத்தில் இல்லை. இது பெருமை இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். அன்றைக்கு இறக்கினது போல என்றைக்கும் இறக்கியதில்லை.

பாதி வழியில் வெள்ளையன் வாய் திறந்தான். "அண்ணா... செவலை வந்துச்சா?"

செவலை இரவல் மாடு.

"வந்துச்சுடா. நாலும் வந்துச்சு" என்றேன். எனக்கென்ன தெரியும்? சும்மா சொன்னேன். சாயங்காலம் நான்கும் தாமாகவே வந்து களத்தோரம் நின்றனவாம்.

போளூரில் ஊசி போட்டு, வேலூருக்கு அனுப்பினார்கள். கொட்டின விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். அந்த வாரத்தை அவன் தாண்டவில்லை.

இதற்குள் வீடியோ வந்துவிட்டது. 'ரகசிய விமானத்தின் முதல் பலி?' கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அது கேஸ் வராமல் இருப்பதற்காம். உப்பிப்போன வெள்ளையன் முகத்தை, ஆஸ்பத்திரியில் யாரோ எடுத்த போட்டோவை, பெரிதாக்கிக் காட்டினார்கள். தேனீ என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை.

வீடியோவுக்குக் கீழே போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். டிரோன் விட்ட அதே பையன்.

"தம்பி, டிரோன் வுட்டது நீ. கொட்டினது தேனீ. அப்புறம் பிளேன் எங்கேருந்து வந்துச்சு?"

"சார், அந்தத் தேனீ ஏன் அவ்வளவு அக்ரஸிவா இருந்துச்சு? அதைத்தான் நாங்க கேக்கறோம். முன்னாடியே ஏதோ அதைப் பாதிச்சிருக்கு."

"நீ பாத்தியா பிளேனை?"

"அது ஸ்டெல்த் சார். பார்க்க முடியாது."

"அப்ப இருக்குதுன்னு எப்படிச் சொல்ற?"

"யாராலயும் பார்க்க முடியலல்ல? அதான் சார் ப்ரூஃப்." அதோடு விடாமல், "தேனீதான்னு நீங்க சொல்றதுக்கு உங்ககிட்ட ப்ரூஃப் இருக்கா?" என்றான்.

என் வாழ்க்கையில் எத்தனையோ ஆட்களிடம் வியாபாரம் பேசியிருக்கிறேன். எடைக்கல்லில் ஏமாற்றுகிறவனைப் பார்வையிலேயே பிடித்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு தராசை நான் பார்த்ததில்லை. இல்லாதது எவ்வளவுக்கு எவ்வளவு இல்லையோ, அவ்வளவுக்கு அவ்வளவு இருக்கிறதாம்! கண்ணெதிரில் கயிறு அவிழ்த்துக்கொண்டு நின்ற மனுஷனுக்கு மட்டும் ஆதாரம் வேண்டுமாம்.

நிஜமாகவே அந்த விமானத்தைச் செய்கிறவர்கள் எங்கேயோ வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே வாய் மட்டும்தான் பறக்கிறது.

கருமாதிக்குப் போனேன். களத்தில் செருப்புக் காலோடு நாலைந்து பேர் வானத்துக்குப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விரட்டிவிட்டேன். இந்த வயதிலும் எனக்குக் குரல் இருக்கிறது. சாமை முளைத்து வீணாகிப்போயிருந்தது. தொழுவத்தில் இரண்டு மாடுகள் மட்டும். வெள்ளையன் உடம்பு மலையேறி வருவதற்கு முன்பே, இரவல் மாடுகளை ஓட்டிப்போய் உரியவரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் குப்பு.

என்னைப் பார்த்ததும் அழவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"அண்ணா, அந்த பிளேனு நெசமாவே இருக்குதா?"

"எங்கியாச்சும் இருக்கும்மா. இங்க வரல."

"வந்திருந்தா... அதுல கீற ஆளுக்கு, மேலேருந்து பாத்தா நாங்க தெரிவோமா?"

"தெரிய மாட்டீங்கம்மா" என்றேன்.

தலையாட்டினாள். இதில் புதிதாக அவளுக்கு ஒன்றும் இல்லை.