எஞ்சினுக்குக் குடை பிடித்தவர்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அருள்நேசனிடம் யார் எதைக் கொண்டுபோனாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "சரிவராது." கேற் உடைந்தாலும் சரிவராது, சைக்கிள் கரியர் உடைந்தாலும் சரிவராது. பிறகு மனைவியான வினிபிரட்டைப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "உது சரிவராது போலக் கிடக்கு" என்றாராம். அவர் சொன்னது எதிரே மாமனார் இருந்த, கால் ஆடுகிற கதிரையை. பெண் வீட்டார் வேறு மாதிரி விளங்கிக்கொண்டு முகம் கறுத்தார்கள். மறுநாள் ஆணியும் சுத்தியலுமாக வந்து கதிரையைச் சரிசெய்துவிட்டுப் போன பிறகுதான் கலியாணப் பேச்சு மேலே நகர்ந்தது.

ஐம்பத்திரண்டு வயதிலும் அவர் மாறவில்லை. சரிவராது என்பார், பிறகு சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். கண்ணாடி துடைபட்டால் வேலை நடக்கும் என்பது ஊருக்குத் தெரியும்.

புத்தூர் நாகேஸ்வரிக்கு அது தெரியாது. அறுபது வயது நாகேஸ்வரி தன் பழைய நாலு சில்லு உழவு மெசினைத் தானே ஓட்டி, தன் நிலத்தையும் அயலவர் நிலத்தையும் உழுகிறவர். கார்த்திகை மாதம், வெங்காயத்துக்கு நிலம் பண்படுத்துகிற நேரத்தில், மெசின் திருவிழா வெடி போல ஒரு சத்தம் போட்டது. எஞ்சினுக்குள் இருந்த இரும்புத் தண்டொன்று முறிந்து, எஞ்சின் கூடான புளொக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. வந்து பார்த்த இரண்டு மெக்கானிக்மாரும் செத்த வீட்டுக் குரலில் பேசிவிட்டு, பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். நாகேஸ்வரி அந்தப் புளொக்கைக் கழற்றுவித்து, இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அருள்நேசனிடம் வந்தார்.

ஒரு தேங்காய்ச் சிரட்டை உள்ளே போகக்கூடிய ஓட்டை. அதிலிருந்து ஒரு வெடிப்பு மேலே ஏறியிருந்தது.

"அக்கா, உது சரிவராது."

"ஏன் சரிவராது?"

இருபத்தைந்து வருடத்தில் அவரிடம் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"வார்ப்பிரும்பு அக்கா. சூடாக்கினாலும் வெடிக்கும், ஆறினாலும் வெடிக்கும்."

"அப்ப சூடாக்காமல், ஆறாமல் ஒட்டுமன்."

"அப்பிடி ஒட்டேலாது."

"ஏலுமான மாதிரி ஒட்டும் தம்பி. நான் இதிலை இருக்கிறன்." ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து நாகேஸ்வரி உட்கார்ந்துவிட்டார். அருள்நேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று நாள் தயார் பண்ணுவதிலேயே போனது. வெடிப்பு மேலும் ஓடாதபடி அதன் மேல் முனையில் சின்னத் துளை போட்டார். ஓட்டைக்கு அளவான துண்டொன்றை வேறொரு கழிவுப் புளொக்கிலிருந்து வெட்டி எடுத்தார். சனிக்கிழமை காலை புளொக்கைச் சுற்றிச் சிரட்டைக் கரி மூட்டி, அது முழுக்கச் சூடேறிய பிறகு ஒட்டத் தொடங்கினார். ஒரு விரல்கடை ஒட்டுவார், சின்னச் சுத்தியலால் தட்டிக் கொடுப்பார், நிறுத்துவார். மறுபடி ஒரு விரல்கடை. பின்னேரம் ஒட்டி முடிந்ததும், அரிசி ஆலையிலிருந்து கொண்டுவந்த உமிச் சாம்பலைப் புளொக் மறையும்படி குவித்து மூடினார்கள்.

"மெல்ல மெல்ல ஆற வேணும். ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது" என்றார் அருள்நேசன், நாகேஸ்வரியைக் கண்டிப்பாகப் பார்த்து.

அரை மணித்தியாலம் கழிய மண்வெட்டியோடு குவியலுக்குக் கிட்டப் போனவர் அருள்நேசனேதான்.

"என்ன செய்யிறீர்?"

"ஒருக்கால் பாக்கிறன் அக்கா. உள்ளுக்குள்ளை வெடிச்ச சத்தம் கேட்டது."

"அது உம்மடை முழங்கால். நீர் குனியேக்கை நானும் கேட்டனான்."

நாகேஸ்வரி மண்வெட்டியைப் பறித்து, அதைத் தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டே புத்தூருக்குப் போனார்.

ஞாயிறு காலை, கோயிலுக்கென்று வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு குசினியிலிருந்து அகப்பையோடு வெளிக்கிட்ட அருள்நேசனை வினிபிரட் வாசலில் மறித்தார்.

"ஆராதனைக்கு அகப்பை என்னத்துக்கு?"

"ஒரு ஓரத்தாலை கிண்டிப் பாத்திட்டு ஓடி வாறன்."

"இண்டைக்குப் பாட்டு இருக்கு. அடிக்குரலிலை பேஸ் பாட உங்களை விட்டால் ஆளில்லை. நேரத்துக்கு வந்து சேருங்கோ." அகப்பையை வாங்கி வைத்துக்கொண்டு வினிபிரட் முன்னால் போய்விட்டார்.

அருள்நேசன் பட்டறைக்குப் போய்ச் சேரவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. ஊரிலுள்ள தகரக் கூரையெல்லாம் அடைத்துக் கொடுத்தவரின் கூரையில் ஓர் ஓட்டை, அதுவும் சாம்பல் குவியலுக்கு நேர்மேலே. உள்ளே புளொக் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணி பட்டால் அடுத்த நிமிடமே பிளக்கும். தனி ஆளாக நகர்த்தவும் முடியாது. கையிலிருந்த வினிபிரட்டின் பூப்போட்ட குடையை விரித்துக் குவியலின் மேலே பிடித்தார். குடைக்கு வெளியே நின்றது அவர்தான்.

முக்கால் மணித்தியாலம் அப்படியே நின்றார். தூரத்தில் கோயில் மணி அடித்தது. பாட்டு நேரமும் வந்தது. இருப்புக்கொள்ளாமல், நின்ற இடத்திலேயே தன் பகுதியைத் தனியாகப் பாடினார்.

அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் நாகேஸ்வரி நனைந்தபடி ஒரு தார்ப்பாய்ப் படங்கோடு வந்தார். "மழையைக் கண்டதும் முதல் பஸ்ஸைப் பிடிச்சனான்" என்றார். படங்கின் மூன்று மூலையைத் தூண்களில் கட்டிவிட்டார்கள். நாலாவது மூலைக்குத் தூண் இல்லை.

பேஸ் குரலைக் காணாமல், அருள்நேசனுக்கு ஏதும் வருத்தமோ என்று போதகர் நேசராஜா ஆராதனை முடிந்த கையோடு வெள்ளை அங்கியுடனேயே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"ஐயா, உந்த மூலையை ஒருக்கால் பிடியுங்கோ!"

போதகர் பிடித்தார். "இன்னும் உயர்த்துங்கோ ஐயா, தண்ணி தேங்குது" என்றார் நாகேஸ்வரி. போதகர் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

ஒழுங்கையால் போனவர்கள் கண்டது இதைத்தான்: நீளமான ஒரு சாம்பல் மேடு, அதன் மேல் பூக்குடை, பக்கத்தில் கைகளை உயர்த்தியபடி அங்கியோடு போதகர், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற இரண்டு பேர். அரை மணித்தியாலத்தில் எதிர்வீட்டுத் தியாகலிங்கம் சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேத்தண்ணியோடு தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"ஆர் ஐயா மோசம் போனது?"

போதகர் படங்கின் மூலையை விடாமல் திரும்பினார். "மெசின்" என்றார்.

"எத்தினை வயசு?"

"நாப்பத்தெட்டு" என்றார் நாகேஸ்வரி. "ஆனால் இன்னும் சாகேல்லை. தேத்தண்ணியை ஊத்துங்கோ."

மழை விட்டது. திங்கள் பின்னேரம் நாகேஸ்வரியே மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். சாம்பலை விலக்கியபோது புளொக் கைபொறுக்கும் இளஞ்சூட்டில் கிடந்தது. அருள்நேசன் ஒட்டின இடமெல்லாம் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு புளொக்குக்குள் தண்ணியை அடைத்து அமுக்கம் கொடுத்தார். ஓரிடத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார், கிட்டத்தட்ட நிம்மதியோடு.

நாகேஸ்வரி குனிந்து பார்த்தார். "இது நீர் ஒட்டின பக்கமே இல்லை. இது பழைய மூடி, கறள் பிடிச்சுப் போச்சு."

மூடியை மாற்றினார்கள். ஒட்டில் ஒரு சொட்டும் வரவில்லை. அருள்நேசன் இன்னொரு தரம் அமுக்கம் கொடுத்துப் பார்த்தார்.

புதுத் தண்டும் பிஸ்டனும் கொழும்பிலிருந்து வந்து, மெக்கானிக் எல்லாவற்றையும் பூட்டி முடிக்கப் பத்து நாளாயிற்று. புத்தூர் வளவில் நாகேஸ்வரி திறப்பைத் திருக, மெசின் இரண்டு தரம் இருமி, கரும்புகை கக்கி, பிடித்துக்கொண்டது. ஒரு மணித்தியாலம் ஓடவிட்ட பிறகும் ஒட்டு அசையவில்லை. நாகேஸ்வரி கீழே இறங்கி இருக்கையைக் காட்டினார்.

"ஏறும் தம்பி. முதல் சால் நீர்தான் ஓட்ட வேணும்."

அருள்நேசன் நிலத்தைப் பார்த்தார். "எனக்கு உழவு மெசின் ஓடத் தெரியாது, அக்கா."

"என்ன கதைக்கிறீர்? இத்தினை மெசின் ஒட்டியிருக்கிறீர்!"

"ஒட்டினனான். ஓடினது இல்லை. எனக்குப் பயம்."

நாகேஸ்வரி சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். அவரைப் பின்சில்லு மட்காட்டில் ஏற்றி உட்காரவைத்து, தானே செம்மண்ணுக்குள் மெசினை இறக்கினார். வரம்பில் நின்ற வினிபிரட் போனில் படம் எடுத்தார். இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக அருள்நேசன் அந்தப் படத்தில் இருக்கிறார்.