வாயை மட்டும் அசை

அமலியின் விரல்களைப் பார்த்தவர்கள் யாரும் அவளுக்கு ஹார்மோனியம் வராது என்று சொல்ல மாட்டார்கள். அப்படி ஓடும். ஆனால் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டால்தான் ஓடும். ஒரு கட்டை சுருதி, சின்ன வயதில் கை வைத்துப் பழகிய அந்த ஒரு வெள்ளைக் கட்டையில் ஸட்ஜமம், அதாவது ஸரிகமவின் ஸ. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள் என்றால் விரல்கள் கரண்ட் போன மாடிப்படியில் இறங்குவதுபோல இறங்கும்.

அவள் பழகிய மாதா கோயில் கீபோர்டு செய்த வேலை இது. கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் போதும். விரல் பழைய இடத்திலேயே ஓடும், பாட்டு மட்டும் ஏறும், இறங்கும். கோயிலில் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பொத்தானை நம்பித்தான் வாசிக்கிறார்கள். விலை கூடிய ஹார்மோனியத்தில் கட்டைகளையே நகர்த்திக்கொள்ளலாம். பள்ளிகளில் இருப்பது அந்த ஜாதி இல்லை.

டெல்லியில் ஒரு கல்லூரி, பி.ஏ. இசையும் பி.எட்.டும் சேர்த்து நான்கு வருடத்தில் இரண்டு பட்டம். காலையில் ராகம், மதியம் குழந்தை உளவியல். எங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் அமலியும் நானும்தான். நான் தபேலா. முதல் வருடம் வாய்ப்பாட்டு வகுப்பில் குருஜி அவளை எழுப்பி ஒரு வரி பாடச் சொன்னார். பாடினாள். "தொண்டைக்குள்ள கிரிஜாகர் மணி அடிக்குது" என்று ஹிந்தியில் சொன்னார், மாதா கோயில் மணியாம். முப்பது பேர் சிரித்தார்கள். கல்லூரி விழாக்களில் கோஷ்டிப் பாட்டுக்கு அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, உதட்டை மட்டும் ஆட்டு, அது போதும் என்றார். அவள் ஒரு வருடம் உதட்டை ஆட்டினாள்.

இதைக் கேன்டீனில் அவளே சொல்லிச் சிரிப்பாள். "அந்த வருசம்தான் என் தொண்டைக்கு ரெஸ்ட்டு" என்பாள். சிரிக்கும்போது அவள் கண் யாரையும் பார்க்காது.

நான்காம் வருடம் எங்கள் இருவரையும் ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற பள்ளி. அங்கே இசை ஆசிரியை சாவித்திரி மேடம். மார்ச்சில் ஓய்வு பெறுகிறவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "பிரின்சிபால் வெளில ஆள் தேடப்போறதில்ல. பைனல் லெசன் யார் நன்னா பண்றாளோ அவாளுக்குத்தான் என் நாற்காலி."

தபேலாக்காரனுக்கு அந்த நாற்காலி கிடையாது. பாட்டுக்காரிக்குத்தான். அதனால் அது அமலியின் நாற்காலி என்று நாங்கள் இருவருமே எடுத்துக்கொண்டோம்.

அவள் அம்மா ஜூலியா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். தூத்துக்குடியிலிருந்து வந்து கரோல் பாக்கில் ஷெர்வானிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் குடியிருக்கிறவர். மெட்ரோவில் இரைச்சல் என்று அமலி போனை ஸ்பீக்கரில் போடுவாள். ஜூலியாவின் குரல் பெட்டி முழுக்கக் கேட்கும்.

"ஏட்டி, பரீட்சை என்னைக்கின்னு சொன்னாவளா?"

"நவம்பர் கடைசிம்மா."

"என் முட்டு ரெண்டும் போயிட்டு. இன்னொரு வருசம் நைட் டூட்டி பாக்க என்னால ஆவாது, சொல்லிட்டேன். நீ பாஸாவலன்னா நான் ஊருக்கு வண்டி ஏறிருவேன். நீ இங்கன கெடந்து பாடு."

"அம்மா, ஸ்பீக்கர்ல இருக்கு."

"இருக்கட்டும். டெல்லிக்காரனுக்கு எங்க வெளங்கப்போவுது."

எதிரே நின்றிருந்த ஒரு மாமா எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு விளங்கியிருந்தது.

பைனல் லெசன் என்கிற பாடம் நடத்திக் காட்டும் பரீட்சைக்கு ஒன்பதாம் வகுப்பு. தேஷ் ராகத்தில் ஒரு மழைப் பாட்டு. அந்த வகுப்பில் ப்ரணவ் என்று ஒரு பையன். முன் பெஞ்சு. பாட்டு என்றால் அவனுக்குப் பசி மாதிரி. அமலி ஹார்மோனியத்தைத் திறப்பதற்குள் எழுந்து நிற்பான்.

"மேம், ரெயின் சாங்னா தண்டர் வரும்ல? நான் பண்ணட்டா?"

"முதல்ல பாடு. தண்டர் அப்புறம்."

பாடினான். முதல் வரி சரி. இரண்டாம் வரியில் மேல் ஸட்ஜமத்துக்கு ஏறும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. பாதி மேலே போய்க் கீச்சிட்டது, பாதி கீழே விழுந்தது. மகரக்கட்டு. வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி அதே இடத்தில் ஏறினான். மறுபடி பிளந்தது. அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

மற்றப் பையன்களில் குரல் முற்றிலும் உடைந்துவிட்டவர்கள் கீழே முனகினார்கள். உடையாதவர்கள் பெண்களோடு மேலே போனார்கள். ப்ரணவ் ஒருவன்தான் நடுவில் தொங்கினான். தொங்கியதைச் சத்தமாகச் செய்தான்.

மொபைலில் சுடோகு போட்டுக்கொண்டிருந்த சாவித்திரி மேடம் தலையைத் தூக்காமல் சொன்னார்: "சுருதிய ரெண்டு கட்டை இறக்கிக்கோயேன். அவனுக்கு எட்டும்."

"இறக்கினா பொண்ணுங்களுக்கு ரொம்பக் கீழ போயிடும் மேடம்" என்றாள் அமலி.

போகாது. அது அவருக்கும் தெரியும். அமலியின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன் லெசன், உன் பாடு" என்று சுடோகுவுக்குத் திரும்பினார்.

இரண்டு நாள் அமலி முயற்சி செய்தாள். பள்ளி விட்டபின் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு கீழே இறக்கி வாசித்துப் பார்த்தாள். நான் தாளம் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் ஏதாவது ஒரு விரல் பழைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியது. மூன்றாம் நாள் வகுப்பில் ப்ரணவின் குரல் பிளந்ததும் வாசிப்பதை நிறுத்தினாள்.

"ப்ரணவ், கடைசி பெஞ்சுக்குப் போ."

"ஏன் மேம்?"

"நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது."

அவன் விளையாட்டென்று நினைத்தான். "கித்னே தின் தக் மேம்?" என்றான், எத்தனை நாளைக்கு என்று.

"நான் சொல்ற வரைக்கும்."

கடைசி பெஞ்சு போனான். பாட்டு சுத்தமாக வந்தது. எல்லோருக்கும் அது காதிலேயே தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அன்று மாலையே வராந்தாவில் நிகில் என்கிற பையன் ப்ரணவின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து திறந்து மூடினான். "ஏய் மச்லி!" மீன். மறுநாள் வகுப்பு முழுக்க அதுதான் பெயர். அவன் டிபனைத் திறந்தால் நாலு பேர் சுற்றி நின்று சத்தமில்லாமல் வாயைத் திறப்பார்கள். தண்ணீர்க் குழாயில் வாய் வைத்தால், "டேய், மச்லி தண்ணி குடிக்குதுடா" என்று ஹிந்தியில் கத்துவார்கள். பெண்களும் சிரித்தார்கள்.

அமலி இதைக் கேட்டாள். அதட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு நாள் அவன் பழக்கத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவள் ஹார்மோனியத்தின் துருத்தியை அவிழ்த்துக்கொண்டே, "மச்லி, உன் இடத்துக்குப் போ" என்றாள். வகுப்பு மேஜையைத் தட்டியது. அவளும் லேசாகச் சிரித்தாள். முதல் தடவையாக அந்த வகுப்பு அவள் கைக்குள் வந்தது.

திரும்பும்போது மெட்ரோவில், "பாவம் இல்லையா?" என்றேன்.

"எனக்குச் சொன்னப்ப யாரு பாவம் பாத்தா? நான் செத்தா போனேன்?" என்றாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை உளவியலில் வளரிளம் பருவத்துக் குரல் மாற்றம் பற்றித் தனக்கு வந்த கேள்வியின் பதிலை எனக்கு ஒப்பித்தாள். அந்தத் தாளில் அவள்தான் முதல் மார்க்.

பரீட்சை நாள் டெல்லி முழுக்கப் புகையாக இருந்தது. பிள்ளைகள் மாஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த மீசை, ஸ்வெட்டர், நல்ல மனிதர். சாவித்திரி மேடம் அவர் பக்கத்தில். பிள்ளைகளுக்குப் பாட்டு, ராகம், கேள்வி பதில் எல்லாம் பத்து முறை ஒத்திகை ஆகியிருந்தது. பதில் தெரிந்தவர்கள் வலது கையையும் தெரியாதவர்கள் இடது கையையும் தூக்குவது என்று ஏற்பாடு. எல்லாப் பயிற்சி ஆசிரியர்களும் செய்வது. ஒவ்வொரு கேள்விக்கும் காடு மாதிரி கைகள் எழும்பின. தேர்வாளர் மகிழ்ந்தார்.

பிறகு பாட்டு. ஒரு பிசிறு இல்லை. நான் தட்டிக்கொண்டே கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ப்ரணவ் கண்ணை மூடியிருந்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு சரியாகக் குவிந்தது, விரிந்தது. மேல் ஸட்ஜமத்துக்குப் புருவம் ஏறியது. இத்தனை வாரத்தில் அந்த வேலையை அவன் யாரையும்விட நன்றாகக் கற்றிருந்தான்.

தேர்வாளர் கையைத் தூக்கினார். "அந்தக் கடைசிப் பையன்" என்றார் ஹிந்தியில். "அவன் முகத்தில் என்ன பாவம்! அவன் ஒருவன் மட்டும் பாடட்டும்."

அமலியின் துருத்திக் கை நின்றது. ப்ரணவ் எழுந்தான். அவளைப் பார்த்தான். 'நான் சொல்ற வரைக்கும்' என்று சொன்னவள் அவள்தான். கட்டைகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள். அதே ஒரு கட்டை சுருதியில்.

அவன் வாய் திறந்தது. முதல் வரி முழுக்க உதடு அசைந்தது. சத்தம் இல்லை. இரண்டாம் வரி. ஹார்மோனியமும் தபேலாவும் மட்டும் கேட்டன. நிகில்கூடச் சிரிக்கவில்லை. மேல் ஸட்ஜமத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் அகலத் திறந்தது, அப்படியே மூடியது.

தேர்வாளர் முன்னால் சாய்ந்தார். "என்ன ஆயிற்று இவனுக்கு?"

வகுப்பே அமலியைப் பார்த்தது. நாற்காலி, ஜூலியாவின் முட்டு, நான்கு வருடம், எல்லாம் அவள் முகத்தில் ஓடியதா என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அது மட்டும் தெரியும்.

"சர், ஸ்பெஷல் சைல்ட்" என்றாள். "பிறவியிலிருந்தே பேச்சு வராது. ஆனால் நான் தனியாக ஒதுக்கவில்லை. எல்லோரோடும் சேர்த்துத்தான் உட்கார வைக்கிறேன்."

சாவித்திரி மேடம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். தேர்வாளர் எழுந்து கடைசி பெஞ்சுவரை நடந்து போனார். ப்ரணவின் தலையில் கை வைத்தார். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, விரலால் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, உன் பெயர் என்ன என்று சைகையில் கேட்டார்.

அவன் வாயைத் திறந்தால் போதும். அந்தப் பிளந்த குரலில் ஒரு சொல் போதும்.

ப்ரணவ் என்று உதடு மட்டும் அசைந்தது.

"சாபாஷ்" என்றார் தேர்வாளர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்கிற கட்டத்தில் அமலிக்கு முழு மதிப்பெண் விழுந்தது. மற்றக் கட்டங்களும் அதன் பின்னாலேயே வந்தன.

வராந்தாவில் சாவித்திரி மேடம் அவளைக் கடந்து போகும்போது நின்றார். "உனக்கு இந்த வேலை வந்துடும் போ" என்றார். வேலை கிடைக்கும் என்று சொன்னாரா, வேறெதையாவது சொன்னாரா என்று அமலி யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் பள்ளி திறந்ததும் அமலி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜூலியா நைட் டூட்டியை விட்டார். ஆகஸ்ட் பதினைந்துப் பாட்டு ஒத்திகைக்குத் தபேலாவுக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் போயிருந்த அன்று பெற்றோர் சந்திப்பும் இருந்தது. ப்ரணவின் அம்மா சியாமளா இசை அறை வாசலில் தயங்கி நின்றார்.

"மேம், இவன் குளிக்கறச்சே பாடினா மூணு மாடிக்குக் கேக்கும். நவம்பர்லேந்து சுத்தமா நிறுத்திட்டான். கேட்டா 'குச் நஹீம்மா', ஒண்ணுமில்லேங்கறான். குரல் இப்ப நன்னா கனத்து வந்திருக்கு. வேஸ்டாப் போறதேன்னு இருக்கு. நீங்க சொன்னா கேப்பான்."

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. மகரக்கட்டு. இந்த வயசுல எல்லாப் பையனுக்கும் வரும். தானா சரியாயிடும்" என்றாள் அமலி. சொன்னது பாடப் புத்தகத்தில் இருப்பதுதான்.

அறையில் ஹார்மோனியம் இல்லை. அவள் கேட்டுப் பள்ளி புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒரு தடவை பாடவைத்துப் பார்த்தாள். பையன்களுக்கு மேலே எட்டவில்லை. பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். விரல் பழைய இடத்திலேயே ஓடியது, சுருதி கீழே இறங்கியது. அத்தனை பையன்களும் மூச்சுத் திணறாமல் மேலே ஏறினார்கள்.

ப்ரணவ் பின் வரிசையில் இருந்தான். மூன்று அங்குலம் வளர்ந்திருந்தான். அழகாக வாயசைத்தான். அமலி வரிசைக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு வாய்க்கு அருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் முன்னால் நின்றாள். காதைச் சாய்த்தாள்.

"குட்" என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் நகர்ந்தாள்.